புது டிசைர் பற்றிய கருத்துகளில் எதைக் காதில் போட்டுக்கொள்வது?

"2018 டிசைர் வைத்திருக்கிறேன், புது டிசைருக்கு மாறலாமா?" என்று கேள்வியைத் தொடங்கியிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்டிருப்பது அதற்கு அடுத்த வரிகளில் இருக்கிறது. 2024 நவம்பரில் மாருதியின் நான்காம் தலைமுறை டிசைர் வந்ததிலிருந்து உங்கள் மச்சான் "ஆடி கார் மாதிரி இருக்கு, உடனே மாத்துங்க" என்கிறார். அலுவலக நண்பர் "பழைய அழகே போச்சு" என்கிறார். இன்னொருவர் "மூணு சிலிண்டர், கிட்டப் போகாதே" என்று பயமுறுத்துகிறார். அப்பா "என்ன பண்ணினாலும் தகரம்தானே" என்று முடித்துவிட்டார். இதில் எதை எடுத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்பதுதான் கேள்வி. கார் உடம்பு வடிவமைக்கும் வேலையில், அதாவது வெளித்தகடு, கதவு, டிக்கி, அவற்றுக்குள் மறைந்திருக்கும் எலும்புக்கூடு ஆகியவற்றில் பல வருடங்கள் இருந்தவன் என்ற முறையில் ஓரளவு பதில் சொல்ல முடியும். மாருதியில் நான் வேலை பார்த்ததில்லை. எஞ்சின் என் துறையும் இல்லை. அதனால் எஞ்சினைப் பற்றி அடிப்படை இயந்திரவியல் அளவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

என் வேலையில் தெரிந்துகொண்ட ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். புது மாடலைப் பார்த்ததும் வரும் கருத்துகள் இரண்டு வகை. கண்ணால் பார்த்துச் சொல்வது ஒன்று. உட்கார்ந்து, தொட்டு, ஓட்டி உடம்பால் உணர்ந்து சொல்வது இன்னொன்று. கண் சொல்வது சில மாதங்களில் மாறிவிடும். உடம்பு சொல்வது பெரும்பாலும் மாறாது, வருடங்கள் போகப் போக வலுக்கும். காரை வெளியிடுவதற்கு முன்பு, கம்பெனி சின்னத்தை மறைத்து ஒரு கூடத்தில் நிறுத்தி, வாடிக்கையாளர்களை வரவழைத்துக் கருத்துக் கேட்பது இந்தத் தொழிலில் வழக்கம். நுழைந்ததும் ஒரு முறையும், காரைச் சுற்றிப் பார்த்து உட்கார்ந்து எழுந்த பிறகு ஒரு முறையும் கேட்போம். முகத்தைப் பற்றிய அபிப்பிராயம் அந்த ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே இளகுவதைப் பார்க்கலாம். பின் சீட்டில் தலை இடிக்கிறது என்று சொன்னவர் மட்டும் வெளியே போகும்போதும் அதையேதான் சொல்வார். பார்க்கப் பார்க்கப் பிடித்துப்போகும் என்பதை ராபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியலாளர் 1968-இலேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார். கார் விஷயத்தில் அதைக் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன்.

கண் சொல்வதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. முதல் கருத்துகள் காரைப் பார்த்து வருவதில்லை, போட்டோவைப் பார்த்து வருகின்றன. டிசைர் வெளியீட்டுக்குச் சில வாரம் முன்பே கைப்பேசியில் எடுத்த படங்கள் கசிந்து ஊர் முழுக்கச் சுற்றின. கைப்பேசி கேமரா அகலக் கோணம் கொண்டது. மூன்று நான்கு அடி தூரத்தில் நின்று காரின் மூக்கை எடுத்தால் மூக்கு வீங்கியும், பின்பக்கம் சூம்பியும் தெரியும். வடிவமைப்புக்கூடத்தில் ஒரு காரை மதிப்பிடும்போது பல மீட்டர் தள்ளி நின்றுதான் பார்ப்போம், ஏனென்றால் தெருவில் மக்கள் காரை அப்படித்தான் பார்க்கிறார்கள். ஆகவே "அசிங்கம்" என்ற தீர்ப்பையும் "ஆடி" என்ற தீர்ப்பையும், போட்டோவை மட்டும் பார்த்து வந்ததென்றால், நான் கணக்கில் எடுக்க மாட்டேன்.

சரி, அந்த ஆடி விஷயம். அகலமான கிரில்லும் அதில் வரிசையாகப் படுத்திருக்கும் பட்டைகளும் அந்த நினைப்பைத் தருகின்றன. மாருதிக்காரர்கள் ஆடியை மனதில் வைத்து வரைந்தார்களா என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் நான்கு மீட்டருக்குள் அடங்கும் ஒரு செடானுக்குக் கிடைமட்டக் கோடுகள் ஏன் தேவைப்படுகின்றன என்பதை என்னால் சொல்ல முடியும். அதைப் புரிந்துகொண்டால் டிசைரின் நான்கு தலைமுறைகளுக்கும் கிடைத்த வரவேற்பும் வசவும் புரிந்துவிடும்.

2006 மத்திய பட்ஜெட்டில் சிறிய கார்களுக்குக் கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைத்தார்கள். சிறிய கார் என்றால் நீளம் 4 மீட்டருக்குள் இருக்க வேண்டும்; பெட்ரோல் எஞ்சின் 1200 சிசிக்குள்ளும், டீசல் 1500 சிசிக்குள்ளும் இருக்க வேண்டும். உலகத்தில் வேறெங்கும் பெரிதாகக் காணாத, டிக்கி வெட்டிய குட்டி செடான் என்ற இனமே இந்த விதியால் பிறந்தது. 2008-இல் வந்த டாடா இண்டிகோ சிஎஸ் அதில் முதல் கார். அதே 2008-இல் வந்த முதல் ஸ்விஃப்ட் டிசைர் இந்த விதிக்குள் வரவில்லை. அதன் நீளம் 4160 மில்லிமீட்டர், டிக்கி 440 லிட்டர். ஸ்விஃப்டின் பின்னால் தனியாக ஒரு பெட்டியை ஒட்டியது போல இருக்கிறது என்று அப்போது பலரும் குறைபட்டார்கள். கண்ணுக்கு அது உண்மைதான். ஆனால் நான்கு பேர் ஊருக்குப் போகிற சாமான் மொத்தமும் அந்தப் பெட்டியில் அடங்கியது.

2012-இல் இரண்டாம் டிசைர் வந்தபோது நீளத்தை 3995 மில்லிமீட்டராக வெட்டினார்கள். 165 மில்லிமீட்டர் போயிற்று. டிக்கியின் சராசரி அகலத்தை 1.2 மீட்டர், உயரத்தை 60 சென்டிமீட்டர் என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள்: சுமார் 119 லிட்டர் வரும். நிஜத்தில் டிக்கி 440-லிருந்து 316 லிட்டராகக் குறைந்தது, அதாவது 124 லிட்டர் போயிற்று. வெட்டிய நீளம் அத்தனையும் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதற்கு இந்தக் கணக்கே போதும். ஆட்கள் உட்காரும் இடத்தைக் குறைக்கவில்லை. இரண்டு அச்சுகளுக்கும் இடைப்பட்ட தூரம், அதாவது வீல்பேஸ், 2390-லிருந்து 2430 மில்லிமீட்டராகக் கூடவே செய்தது. அந்தக் காரைப் பக்கவாட்டில் பார்த்தவர்கள் "பின்னால் யாரோ இடித்துவிட்ட மாதிரி இருக்கு" என்றார்கள். ஆனாலும் வரி குறைந்து விலை கட்டுப்படியானதால் வாங்கிக் குவித்தார்கள்.

உங்களிடம் இருப்பது 2017-இல் வந்த மூன்றாம் தலைமுறை. அதில் அகலத்தை 40 மில்லிமீட்டர் கூட்டி, உயரத்தை 40 மில்லிமீட்டர் குறைத்தார்கள். வீல்பேஸ் 2450 ஆயிற்று, டிக்கி 378 லிட்டருக்கு ஏறியது. "இப்போதுதான் பார்க்க செடான் மாதிரி இருக்கிறது" என்று அன்று எல்லோரும் சொன்னதற்குக் காரணம் விளக்கோ கிரில்லோ இல்லை, அந்த இரண்டு நாற்பதுகள்தான். 2018-இல் நாட்டிலேயே அதிகம் விற்ற கார் அதுதான்.

இப்போது 2024 மாடலை டேப் வைத்து அளந்தால் என்ன கிடைக்கிறது? நீளம் 3995, அகலம் 1735, வீல்பேஸ் 2450. மூன்றுமே உங்கள் காரில் இருப்பவைதான். உயரம் மட்டும் 1515-லிருந்து 1525. டிக்கி 382 லிட்டர், அதாவது நான்கு லிட்டர் கூடுதல். அடித்தளமும் அதே ஹார்ட்டெக்ட் வகைதான். ஆக, போட்டோவில் எல்லாமே புதிதாகத் தெரிந்தாலும், கார் எடுத்துக்கொள்ளும் இடமும் உள்ளே தரும் இடமும் அப்படியே இருக்கின்றன. நீளத்தில் கால் நீட்ட வழியில்லாத காரில் ஆட்களை நிமிர்த்தி உட்கார வைத்தாக வேண்டும், அதனால் கூரையைத் தாழ்த்த முடியாது. பாதசாரி பாதுகாப்பு விதிகளும் சேர்ந்துகொள்கின்றன: பானெட்டுக்கும் அடியிலுள்ள கெட்டியான எஞ்சின் பாகங்களுக்கும் நடுவே இடைவெளி வேண்டும் என்பதால், மூக்கு மேலே ஏறுகிறது. குட்டையான, உயரமான ஒரு உடம்பை அகலமாகக் காட்ட ஓவியரிடம் இருக்கும் வழி, படுக்கைக் கோடுகளும், விளக்கோடு விளக்கை இணைக்கும் பட்டையும், பம்பரின் கீழ்ப்பகுதியில் கறுப்பும்தான். புது டிசைரில் மூன்றும் இருக்கின்றன. என்னைக் கேட்டால் நன்றாகவே செய்திருக்கிறார்கள். முதல்முறையாக முகம் ஸ்விஃப்டிலிருந்து தெளிவாகப் பிரிந்திருக்கிறது. டாக்ஸி போலத் தெரியாது என்று மகிழ்ந்தவர்கள் நிறைய பேர், ஆனால் 2025-இலேயே டாக்ஸிக்கான டூர் எஸ்ஸும் இந்த உடம்புக்கு வந்துவிட்டது. அந்த ஒரு காரணத்துக்காக மாற்ற நினைத்தால், வேண்டாம்.

அடுத்து உங்கள் அப்பாவின் "தகரம்". இது என் துறை, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஷோரூமில் எல்லோரும் செய்வது, கதவையோ பின்பக்க ஃபெண்டரையோ கட்டை விரலால் அழுத்திப் பார்ப்பது. உள்ளே போனால் "தகரம்" என்பார்கள். அழுந்துவது வெளித்தகடு. பெரும்பாலான கார்களில் அதன் தடிமன் 0.7 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். கல் பட்டால் குழி விழாமல் இருப்பதும், பெயின்ட்டைத் தாங்கி நிற்பதும்தான் அதன் வேலை. மோதலைத் தாங்குவது அதற்குள்ளே இருப்பவை: கதவு மூடும் இடத்தில் நிற்கும் நடுத்தூண், உங்கள் காலடியில் நீளவாக்கில் ஓடும் சில், எஞ்சினுக்கு இருபுறமும் முன்னால் நீளும் இரண்டு நெடுஞ்சட்டங்கள். அவை தடிமனான, பல மடங்கு வலிமையுள்ள எஃகில் செய்யப்பட்டவை. விரலால் அவற்றைத் தொடவே முடியாது. சட்டைத் துணியைத் தடவிப் பார்த்து ஆளின் எலும்பு வலிமையைச் சொல்வது போலத்தான் இந்தச் சோதனை.

எலும்பைச் சோதிக்க இடித்துத்தான் பார்க்க வேண்டும். கார்களை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு நட்சத்திரம் தரும் குளோபல் என்கேப் என்ற அமைப்பு புது டிசைரை இடித்துப் பார்த்தது. முன்பக்க அகலத்தில் 40 சதவீதம் மட்டும் ஒரு தடுப்பில் மோதும்படி மணிக்கு 64 கிலோமீட்டரில் ஒரு மோதல். அப்புறம் பக்கவாட்டு மோதல், கம்ப மோதல். பெரியவர்கள் பாதுகாப்பில் 5 நட்சத்திரம், குழந்தைகள் பாதுகாப்பில் 4 நட்சத்திரம் கிடைத்தது. குளோபல் என்கேப்பில் 5 நட்சத்திரம் வாங்கிய முதல் மாருதி கார் இதுதான். எல்லா வேரியன்ட்டிலும் ஆறு ஏர்பேக் உண்டு, உங்கள் 2018 காரில் இரண்டு. இந்த மறுவடிவமைப்பில் எனக்கு முழு நம்பிக்கையோடு "முன்னேற்றம்" என்று சொல்ல முடிகிற விஷயம் இது. போட்டோவில் தெரியாத விஷயமும் இதுவே. ஒரு எல்லையையும் சொல்ல வேண்டும்: நட்சத்திரம் குறிப்பிட்ட வேகத்தில், குறிப்பிட்ட விதமான மோதலுக்கு. நெடுஞ்சாலையில் 100-க்கு மேல் போய் நிற்கும் லாரியின் பின்னால் புகுந்தால் எந்த நட்சத்திரமும் உத்தரவாதம் தராது. பின் சீட்டில் பெல்ட் போடாதவர்களுக்கு ஆறு ஏர்பேக்கும் பெரிதாக உதவாது.

மூன்று சிலிண்டர் பயத்துக்கு வருவோம். உங்கள் கார் பெட்ரோல் என்றால் நான்கு சிலிண்டர் எஞ்சின். புதியதில் இசட் 12 இ என்ற மூன்று சிலிண்டர் எஞ்சின் இருக்கிறது. 82 பிஎஸ் சக்தி, 112 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் இழுவை. இதற்கு முன்பு கடைசியாக இருந்த நான்கு சிலிண்டர் எஞ்சின் 90 பிஎஸ் தந்தது. நான்கு சிலிண்டரில் கிராங்க், அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு, 180 டிகிரி சுற்றும் ஒவ்வொரு முறையும் ஒரு வெடிப்பு நடக்கும். மூன்றில் 240 டிகிரிக்கு ஒன்று. அதனால் ஐடிலில், அதாவது வண்டி நிற்க எஞ்சின் மட்டும் ஓடும்போது, துடிப்பு தனித்தனியாக உணரப்படும். போதாததற்கு எஞ்சினை முனைக்கு முனை ஆட்டும் ஒரு விசையும் மூன்று சிலிண்டருக்கே உரியது. எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுன்ட்கள் அதை எவ்வளவு விழுங்குகின்றன என்பதில்தான் கார்களுக்குள் வித்தியாசம். பதிலுக்குக் கிடைப்பது, உராய்வு குறைவதால் வரும் மைலேஜ்: லிட்டருக்கு மானுவலில் 24.79, ஏஜிஎஸ் என்ற தானியங்கி கியரில் 25.71 கிலோமீட்டர் என்பது சோதனைக்கூட எண். சென்னை நெரிசலில் இது கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். "மூணு சிலிண்டர் சீக்கிரம் போயிடும்" என்பதற்கு மட்டும் இயந்திரவியலில் ஆதாரம் இல்லை. ஆல்டோவும் பழைய வேகன் ஆரும் மூன்று சிலிண்டரோடு வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதிர்வு பற்றிய புகார் வேறு விஷயம். அது உடம்பு சொல்லும் கருத்து, அதை மதிக்க வேண்டும்.

உடம்பு சொல்லும் கருத்து எவ்வளவு வலியது என்பதற்கு இத்துறையில் நாங்கள் அடிக்கடி எடுத்துப் பேசும் உதாரணம், அமெரிக்காவில் ஹோண்டா சிவிக்குக்கு நடந்தது. 2011-இல் 2012 மாடலாக ஒன்பதாம் தலைமுறை சிவிக் வந்தது. பார்க்க முந்தையதைப் போலவே அடக்கமாக இருந்தது, முகத்தைப் பற்றி யாரும் பெரிதாகச் சண்டை போடவில்லை. ஆனால் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை ஓட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே மலிவான பிளாஸ்டிக், சாலை இரைச்சல், தூக்கிப்போடும் சவாரி என்று குறைகளை அடுக்கி, முந்தைய தலைமுறைக்கு நூற்றுக்கு 78 கொடுத்த இடத்தில் 61 மதிப்பெண் கொடுத்துப் பரிந்துரைப் பட்டியலிலிருந்தே நீக்கியது. சிவிக்குக்கு அது பெரிய அடி. விற்பனை விழவில்லை; 2012-இல் மூன்று லட்சத்துக்கு மேல் விற்றது. இருந்தும் ஹோண்டா அடுத்த வழக்கமான மாற்றத்துக்குக் காத்திருக்கவில்லை. 2012 நவம்பரிலேயே 2013 மாடலைக் கொண்டுவந்தது. முகத்தில் சில மாற்றங்கள் செய்தாலும் பெரிய செலவு உள்ளேதான்: தடிமனான கண்ணாடி, கூடுதல் ஒலித்தடுப்பு, தரமான டேஷ்போர்டு, இறுக்கமான சஸ்பென்ஷன். மறுபக்கம், 2015 இறுதியில் வந்த பத்தாம் தலைமுறை சிவிக்கின் முகத்தையும் பின்விளக்கையும், பம்பர் ஓரத்தில் காற்றே போகாத போலி வலைகளையும் எத்தனையோ பேர் திட்டினார்கள். ஓட்டிப் பார்த்தவர்கள் பாராட்டினார்கள், அது வட அமெரிக்காவின் 2016 ஆண்டுக் கார் விருதையும் வாங்கியது. பார்வைக்கு வந்த திட்டை கம்பெனி ஐந்தாறு வருடம் தாங்கியது. காதுக்கும் முதுகுக்கும் வந்த திட்டை இரண்டு வருடம்கூடத் தாங்கவில்லை.

அதனால் நீங்கள் செய்ய வேண்டியது, உடம்பைக் கேட்பது. வேலை நாளில், கூட்டமில்லாத நேரம் ஷோரூமுக்குப் போங்கள். ஏசியைப் போட்டு எஞ்சினை ஐடிலில் ஐந்து நிமிடம் ஓட விட்டு, ஸ்டியரிங்கிலும் சீட்டிலும் கை வைத்துப் பாருங்கள். மூன்றாம் கியரில் 30-இல் மெதுவாக இழுத்துப் பாருங்கள், மூன்று சிலிண்டரின் குணம் அங்கேதான் வெளிப்படும். சன்ரூஃப் மேல் வேரியன்ட்டில் மட்டும் வருகிறது. சன்ரூஃபின் சட்டம் எந்தக் காரிலும் கூரைக்கு அடியில் சில சென்டிமீட்டரைத் தின்னும், அதனால் அப்பாவைப் பின் சீட்டில் உட்கார வைத்து ஒரு வேகத்தடை மேல் ஏறி இறங்குங்கள். சன்ரூஃப் இல்லாத வேரியன்ட்டிலும் அதே சோதனையைச் செய்து ஒப்பிடுங்கள். வாங்கினால், சன்ரூஃபின் மூலைகளில் இருக்கும் வடிகால் குழாய்களை மழைக்காலத்துக்கு முன்பு சுத்தம் செய்யச் சொல்லுங்கள். மரத்தடியில் நிறுத்துபவர்களுக்கு இது அவசியம். வெளியே வரும் வழியில் உதிரிபாகக் கவுன்ட்டரில் முன் எல்இடி விளக்கு ஒன்றின் விலையையும் உங்கள் பழைய கார் விளக்கின் விலையையும் கேளுங்கள். பைக் ஒன்று உரசிப்போனால் புது முகத்தின் செலவு என்ன என்று அப்போது தெரியும்.

மாறலாமா என்றால்: பெட்ரோல் கார் வைத்திருந்து, குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் அடிக்கடி போகிறவர் என்றால், ஆறு ஏர்பேக்குக்காகவும் அந்த எலும்புக்கூட்டுக்காகவும் மாறுவதில் நியாயம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்ததும் சாதகம். ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவர், கார் நல்ல நிலையில் இருக்கிறது என்றால், இடத்திலோ வசதியிலோ பெரிய மாற்றம் கிடைக்காது, அவசரப்பட வேண்டாம்.

உங்கள் கார் டீசலா பெட்ரோலா என்று எழுதவில்லை. டீசல் என்றால் மேலே சொன்ன கணக்கு மாறும். உங்கள் 1.3 டீசல் 2000 ஆர்பிஎம்மிலேயே 190 நியூட்டன் மீட்டர் டார்க் தருகிறது. மாருதி 2020 ஏப்ரலோடு டீசலை நிறுத்திவிட்டது. புது டிசைர் பெட்ரோலிலும் சிஎன்ஜியிலும் மட்டுமே கிடைக்கும். சிஎன்ஜி எடுத்தால் சிலிண்டர் டிக்கியில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். பெட்ரோலின் 112 நியூட்டன் மீட்டர் முழுதாகக் கிடைக்க எஞ்சின் 4300 ஆர்பிஎம் வரை சுற்ற வேண்டும். ஐந்து பேரும் சாமானுமாக ஏற்காடு ஏறும்போது நீங்கள் இப்போது மூன்றாம் கியரில் போகிற வளைவுகளில் இரண்டாம் கியருக்கு இறங்க வேண்டி வரும். டீசல் கார் என்றால், குடும்பம் முழுவதையும் ஏற்றிக்கொண்டு, ஊரில் இருக்கும் பெரிய மேம்பாலம் ஒன்றின் ஏற்றத்திலாவது ஓட்டிப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.